மான் வேட்டைக்கு .223, .243 போன்ற சிறு காலிபர் (குழலின் உள்விட்டம், அங்குலத்தில்) ரைஃபிளில் எந்தக் குண்டு சரியாக இருக்கும்?

காலிபர் சிறியது என்றால் குண்டின் கட்டுமானத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும், எடை அப்புறம். .223 ரெமிங்டனுக்கு வரும் 55 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டுகளில் பல, சிறு விலங்குகளுக்காக மெல்லிய உறையோடு செய்தவை. பட்டதும் சிதறிவிடும். மானின் தோள் எலும்பில் பட்டால் மேலே பெரிய காயம் உண்டாகும், நுரையீரலை எட்டாமலே போகலாம். மான் ஓடிவிடும், எங்கோ கிடந்து துடித்துச் சாகும். முழு உலோக உறைக் குண்டு இதற்கு நேர்மாறு: விரியாமல் துளைத்துக்கொண்டு போய்விடும். அதைத் தொடவே வேண்டாம்.

உங்களுக்குத் தேவை ஆழமாக இறங்கி, அளவோடு விரிகிற குண்டு. உறையும் ஈயமும் பிரியாமல் பிணைத்த வகை, அல்லது முழுக்கச் செம்பாலான வகை. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது, ஆகவே அதே எடையில் குண்டு நீளமாக இருக்கும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். குண்டைச் சுழற்றும் உள்வரிகள் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றும் பழைய .223 குழல் நீளமான குண்டை நிலையாகச் சுழற்றாது. 8 அல்லது 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும்.

தேர்வு உங்கள் கையில் இருந்தால் .243 வின்செஸ்டரே மேல். 1955-இல் வந்த இந்தத் தோட்டாவில் 95, 100 கிரெயின் மான் குண்டுகள் தாராளம். சரி, சட்டத்தையும் பாருங்கள்: அமெரிக்காவின் கொலராடோவில் மானுக்கு .24-க்குக் குறைந்த காலிபர் ரைஃபிளுக்கு அனுமதியே இல்லை.

எதுவானாலும், மான் பக்கவாட்டில் நிற்கும்போது தோளுக்குச் சற்றுப் பின்னால் குறிவையுங்கள்.