சீல் மாற்றியும் கிரவுனில் ஆயில் கசிகிறதா? முதலில் பிரீதரைப் பாருங்கள்

கேள்வி: மஹிந்திரா தார் ஜீப், டீசல், ஃபோர் வீல் டிரைவ், 46,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தோப்புக்குப் போகும் வழியில் வாரத்துக்கு மூன்று நான்கு முறை ஓடையைக் கடக்க வேண்டும். பின் கிரவுனில் ஷாஃப்ட் சேரும் இடத்தில் ஆயில் கசிகிறது. ஒரே வருடத்தில் இரண்டு முறை சீல் மாற்றியாயிற்று. மூன்றாவது முறையும் மாற்றத்தான் வேண்டுமா? பிரீதர் டியூபை மேலே தூக்கிவிட்டால் நல்லது என்கிறார்களே, அது சரியா?

பதில்: மூன்றாவது சீலை வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். புதிதாகப் போட்ட சீல் சில மாதத்திலேயே கசிந்தால், கிரவுனின் ஹவுசிங், அதாவது வெளிக்கூடு, மூச்சு விடுகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். உள்காற்று போய்வர அதில் வைத்திருக்கும் சிறு வழிதான் பிரீதர்.

ஆக்சிலின் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் கிரவுன், கியர் பாக்ஸ், முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாமே பாதி ஆயிலும் பாதி காற்றுமாக உள்ள மூடிய பெட்டிகள். வண்டி ஓடும்போது 30 டிகிரியில் இருந்த உள்காற்று 90 டிகிரிக்குச் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியேற வழி இல்லாவிட்டால் உள்ளே சுமார் 3 பிஎஸ்ஐ அழுத்தம் ஏறும். டயரோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லைதான். ஆனால் ஆயில் சீலின் உதடு அந்த அழுத்தத்தில் ஷாஃப்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டே ஓடும், சூடாகும், கெட்டிப்பட்டுத் தேயும். அதனால்தான் புது சீல் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்துவிட்டு மறுபடி கசிகிறது. பின் ஆக்சில் ஓரத்து சீலும் இதே பாடு பட்டால் ஆயில் பிரேக் டிரம்முக்குள் இறங்கி லைனிங்கை நனைத்துவிடும். அது இன்னும் மோசம்.

ஓடையில் இறங்கும்போது நடப்பது இதற்கு நேர் எதிர். சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் முங்கியதும் உள்காற்று சுருங்கும். 90 டிகிரியிலிருந்து 30-க்கு இறங்கினால் அழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைகிறது. தண்ணீரை ஒன்றரை மீட்டருக்கு மேல் உறிஞ்சித் தூக்க அந்த இழுவை போதும். பிரீதர் அடைத்திருந்தால் அது சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். சீலின் உதடு உள்ளிருக்கும் ஆயிலைத் தடுக்கும்படி அமைந்தது, வெளியிலிருந்து வருவதை அவ்வளவாகத் தடுக்காது. பிரீதர் திறந்திருந்தும் அதன் வாய் தண்ணீருக்குள் முங்கினால் நேராக அதன் வழியே போகும்.

அடைப்பைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. வண்டியை 20 கி.மீ. ஓட்டிவிட்டுச் சமதளத்தில் நிறுத்துங்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கிரவுனின் ஃபில்லர் பிளக்கை, பக்கவாட்டில் மேலே இருப்பதை, கையுறை போட்டுக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். ‘புஸ்’ என்று சத்தம் வந்தால் பிரீதர் அடைத்திருக்கிறது, வேறு சோதனை தேவையில்லை. முகத்தை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், சூடான ஆயில் தெறிக்கலாம்.

பிரீதர் ஹவுசிங்கின் மேற்புறத்தில் இருக்கும். சில வண்டிகளில் தலையில் சிறு தொப்பி போட்ட நிப்பிள், சிலவற்றில் அங்கிருந்து ரப்பர் டியூப் கிளம்பி சேஸிஸ் வரை போகும். தொப்பி வகையை விரலால் திருகினால் தளர்வாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் லேசாக ஆட வேண்டும். ஓடைக்குப் போய்வரும் வண்டியில் தொப்பிக்கு அடியில் சேறும் ஆயில் பிசுக்கும் சேர்ந்து சிமென்ட் மாதிரி இறுகியிருக்கும். டியூப் வகையில் டியூப் மடிந்திருக்கிறதா, நுனியில் குளவி மண் வைத்திருக்கிறதா என்று பாருங்கள். குளவிக்கூடு நம் ஊரில் அபூர்வமில்லை.

கழற்றும் முன் சுற்றிலும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். இல்லாவிட்டால் அந்த மண் நேராகக் கிரவுனுக்குள் விழும். பிரீதரைக் கழற்றியதும் துளையைச் சுத்தமான துணியால் மூடுங்கள். பிரேக் கிளீனரில் ஊறவைத்துக் கழுவி, கையில் வைத்து ஊதிப் பாருங்கள், காற்று தடையில்லாமல் போக வேண்டும். போகாவிட்டால் புதிதுதான். பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள், மரையின் அளவு வண்டிக்கு வண்டி மாறும். பொருந்தாததை முறுக்கினால் ஹவுசிங்கின் மரை போய்விடும்.

பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: பிரீதரைக் கழற்றாமலே கம்ப்ரெசர் காற்றை அதற்குள் அடிப்பது. அடைப்பு உள்ளே தள்ளப்படுவது ஒருபுறம் இருக்க, நூறு பிஎஸ்ஐ காற்று நல்ல சீலையும் இடத்தைவிட்டுத் தள்ளிவிடும். வாட்டர் சர்வீஸில் பிரீதரை நோக்கி நேராக அடிப்பதும் கூடாது.

அடுத்து, ஆயிலில் தண்ணீர் கலந்ததா என்று பாருங்கள். வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்தி, காலையில் டிரெயின் பிளக்கைக் கழற்றாமல் தளர்த்தி, முதலில் வடிவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் அடியில் தங்கும், முதலில் அதுதான் வரும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தாலும் தண்ணீர் உண்டு. சந்தேகமானால் சூடான தோசைக்கல் போன்ற இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள், தண்ணீர் கலந்த ஆயில் படபடவென்று வெடிக்கும். (வீட்டுத் தோசைக்கல் வேண்டாம்!)

தண்ணீர் இருந்தால் ஆயிலை முழுதாக மாற்ற வேண்டும். ஃபில்லர் பிளக் திறக்கிறது என்று உறுதி செய்த பிறகே டிரெயின் பிளக்கைக் கழற்றுங்கள். வடித்த பின் ஃபில்லர் பிடிவாதம் பிடித்தால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். புது ஆயில் விட்டு 30 கி.மீ. ஓட்டி, அதையும் வடித்துவிட்டு மறுபடி நிரப்புங்கள். கிரேடு வண்டிப் புத்தகத்தில் சொன்னபடி. லாக்கிங் கிரவுன் (இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுழலும்படி பூட்டிக்கொள்ளும் வகை) இருந்தால் இதில் சமரசம் வேண்டாம். துளையின் விளிம்பு வரை நிரப்பினால் போதும். கூடுதலாக ஊற்றினால் அந்த ஆயிலே பிரீதர் வழியாக வழியும், அதையும் சீல் கசிவு என்று நினைத்துக்கொள்வார்கள்.

இவ்வளவும் செய்து, ஈரத்தைத் துடைத்துவிட்டு 500 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். பிறகும் கசிந்தால் சீலைக் கழற்றலாம். ஆனால் சீல் உட்காரும் ஃபிளாஞ்சின் (ஷாஃப்டை மாட்டும் தட்டு) மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். கோடு தட்டுப்பட்டால் எந்த சீலும் நிற்காது, ஃபிளாஞ்சையே மாற்ற வேண்டும். அந்த ஃபிளாஞ்சைப் பிடித்திருக்கும் பினியன் நட்டைக் கழற்றும் முன் அதன் நிலையைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு முறை ஏற்கெனவே திறந்தாயிற்று. கண்டபடி முறுக்கினால் பேரிங் இறுக்கம் கெட்டு 60 வேகத்தில் ஊளையிடத் தொடங்கும்.

டியூபை உயர்த்துவது உங்களுக்கு வேண்டிய வேலைதான். தாரின் நீர் கடக்கும் ஆழம் 650 மி.மீ. என்கிறது நிறுவனம். ஆனால் ஆக்சிலின் மையம் தரையிலிருந்து 40 செ.மீ.க்குள்தான். உங்கள் வண்டியில் பிரீதரின் நுனி எங்கே முடிகிறது என்று டேப் பிடித்து அளந்து பாருங்கள். ஓடையின் மழைக்கால ஆழத்தைவிட அது தாழ்வாக இருந்தால் நீட்டுங்கள்.

டியூப் பெட்ரோல், ஆயில் தாங்கும் நைட்ரைல் ரப்பராக இருக்கட்டும், உள்விட்டம் 6 அல்லது 8 மி.மீ., நிப்பிளுக்கு ஏற்றபடி. மட்டம் பார்க்கும், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப் வேண்டாம், சூட்டில் இளகி மடிந்து தானே அடைத்துக்கொள்ளும். ஜாக்கியைச் சேஸிஸில் கொடுத்து ஆக்சிலைத் தொங்கவிட்டு நீளம் எடுங்கள், நின்ற நிலையில் அளந்தால் பள்ளத்தில் இறங்கும்போது பிய்த்துக்கொண்டு வரும். சைலன்சர் குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஏறுமுகமாகவே கொண்டுபோங்கள். நடுவில் தொட்டில் போல் தொங்கினால் அங்கே ஈரம் தேங்கி வழியை மூடிவிடும். பின் கிரவுனுக்கு டெயில் லைட் பொந்து நல்ல இடம். கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் டியூப்களை எஞ்சின் அறையின் பின்சுவர் உயரத்துக்குக் கொண்டுபோகலாம். நுனியைக் கீழ்நோக்கித் திருப்பி, பைக்குக்குப் போடும் சிறு பெட்ரோல் ஃபில்டரை மாட்டுங்கள். எல்லா டியூபையும் ஒன்றாக இணைக்கும் கிட் கிடைக்கிறது. ஒன்றின் ஆயில் ஆவி இன்னொன்றுக்குப் போக வழி எதற்கு? தனித்தனியாக விடுவதே மேல்.

தென்மேற்குப் பருவமழைக்கு முன் மே மாதத்தில் ஒரு முறை, பிறகு 10,000 கி.மீ.க்கு ஒரு முறை தொப்பியை ஆட்டிப் பாருங்கள், ஃபில்டரை ஊதிப் பாருங்கள். ஆக்சில் மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் போன வாரமெல்லாம் டிரெயின் பிளக் சோதனையும் செய்துவிடுங்கள்.