கேள்வி – பதில்: கவசத்துக்குள் இருந்தவர்கள்

ஐயா, அறிவியல் புனைவுப் படங்களில் வரும் இயந்திர மனிதர்கள் ஏன் எப்போதும் இரண்டு கை, இரண்டு காலோடு நம்மைப் போலவே இருக்கிறார்கள்? இயந்திரத்துக்கு இந்த உருவம் எதற்கு?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

உள்ளே ஓர் ஆள் போக வேண்டியிருந்தது, அம்மா. கதைக்கும் தத்துவத்துக்கும் முன்னால் நிற்கிற காரணம் அதுதான். நாடகக் குழுக்களுக்கு உடை தைத்தே வாழ்ந்தவன் நான். கவசம், கிரீடம், புஜகீர்த்தி என்று எதைப் பார்த்தாலும் முதலில் அக்குளைத்தான் பார்ப்பேன். கை தூக்க இடம் விட்டிருக்கிறார்களா, மூச்சு விட வழி இருக்கிறதா என்பதே எனக்கு முதல் கேள்வி. இயந்திர மனிதர்களையும் அப்படித்தான் பார்க்கிறேன்.

1927இல் பெர்லினில் வெளியான 'மெட்ரோபோலிஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஸ் லாங் இயக்கிய ஊமைப்படம். அதில் வரும் உலோகப் பெண்ணின் சாயல் இன்றுவரை எத்தனையோ படங்களில் தொடர்கிறது. பார்க்க வெண்கலச் சிலை போல இருக்கும். ஆனால் அதில் உலோகத் தகடே கிடையாது. வால்டர் ஷுல்ட்ஸே-மிட்டென்டார்ஃப் என்ற சிற்பி, நடிகை பிரிகிட்டே ஹெல்மை நிற்க வைத்து உடல் முழுவதையும் பிளாஸ்டரில் அச்செடுத்தார். செம்புத் தகட்டில் அடித்தால் கனம் தாங்காது. மரத்தூளில் செய்த, தச்சர்கள் பொந்து அடைக்கும் மாவு போன்ற ஒரு பொருள் அவருக்குக் கிடைத்தது. காற்றுப்பட்டால் அது இறுகிவிடும். பிறகு மரம் போலச் செதுக்கலாம். சப்பாத்தி தேய்ப்பது போல அதைத் தேய்த்து, வெட்டி, அச்சின் மேல் ஒட்டி, வெள்ளிப்பொடி கலந்த வார்னிஷைப் பீய்ச்சினார். நம் கண்ணுக்கு அது உலோகமாகிவிட்டது.

அச்செடுத்தது நின்ற நிலையில். படத்திலோ அந்த உருவம் முதலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது! தையல் தெரிந்தவர்களுக்கு இதன் வேதனை புரியும். நின்றபடி அளவெடுத்த சட்டையே உட்கார்ந்தால் இழுக்கும். இறுகிப்போன கவசம் என்ன செய்யும்? விளிம்புகள் அந்தப் பெண்ணைக் கீறின. படப்பிடிப்பு தொடங்கியபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. முகம் தெரியாத காட்சிதானே என்று வேறொருவரை உள்ளே அனுப்ப இயக்குநர் சம்மதிக்கவில்லை. உடன் வேலை செய்தவர்கள் இரக்கப்பட்டுக் கவசத்துக்குள் சில்லறைக் காசு போடுவார்களாம். அந்தக் காசில் சாக்லேட் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். அந்த உருவம் எழுந்து நம்மை நோக்கி நடந்து வரும் சில அடிகளைப் பாருங்கள். தயங்கித் தயங்கி வருகிற அந்த நடையில் உயிர் இருக்கிறது. அந்த உயிர் பிரிகிட்டே ஹெல்ம் கொடுத்தது.

தாத்தா, 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வரும் தங்க ரோபோவுக்குள் நிஜமாகவே ஆள் இருந்தாரா? அவருக்கு வலிக்காதா?
– ஏழாம் வகுப்பு மாணவன், தஞ்சாவூர்

இருந்தார் தம்பி. அவர் பெயர் ஆன்டனி டேனியல்ஸ், இங்கிலாந்து நாட்டு நடிகர். துனிசியாவின் பாலைவனத்தில் முதன்முதலாக முழு உடையையும் மாட்டிய அன்றே கால் பகுதி உடைந்து அவர் பாதத்தில் குத்தியது. வலித்தது, உண்மைதான். அந்த உடையில் உட்கார முடியாது. சாய்ந்து நிற்க ஒரு பலகை வைத்திருந்தார்கள். அந்தப் படபடப்பான குரலும் அவருடையதே. இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் முதலில் வேறு குரல் வைக்கத்தான் நினைத்தார். கடைசியில் டேனியல்ஸின் குரலே நிலைத்தது. 1977 முதல் 2019 வரை வந்த ஒன்பது முதன்மைப் படங்களிலும் அவர் இருக்கிறார். நீ இப்போதே அவரைப் பற்றிக் கேட்டதில் எனக்கு மிகவும் சந்தோஷம்.

இப்படி உள்ளே இருந்தவர்களுக்கு உரிய பெயர் கிடைத்ததா?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், நாகர்கோவில்

பலருக்குக் கிடைக்கவில்லை. 1956இல் வந்த 'ஃபர்பிடன் பிளானட்' படத்தில் ராபி என்றொரு இயந்திர மனிதன். படத்தின் தொடக்கத்தில் 'அறிமுகம்: ராபி' என்று பெரிதாகப் போட்டார்கள். அந்தக் கனத்தைச் சுமந்து நடந்த ஃபிராங்கி டாரோவின் பெயரைப் போடவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

1951இல் வெளியான 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்தில் வரும் கோர்ட் என்ற இயந்திர மனிதன் இன்னொரு உதாரணம். உள்ளே இருந்த லாக் மார்ட்டின் ஏழடிக்கும் மேல் உயரம். ஹாலிவுட்டின் புகழ்பெற்ற திரையரங்கு ஒன்றில் வாயில்காப்பாளராக இருந்தவர். அவருக்கு இரண்டு உடைகள் செய்தார்கள். ஒன்றில் திறப்பு முதுகுப்பக்கம், மற்றதில் மார்புப்பக்கம். எந்தப் பக்கம் படம் பிடிக்கிறார்களோ அதற்கு எதிர்ப்பக்கம் திறப்பு உள்ளதை மாட்டிவிடுவார்கள். திரையில் தையலே தெரியாது. நல்ல தையற்காரரின் மூளை! ஆனால் மார்ட்டினுக்கு உடல் வலு குறைவு. கதாநாயகியைத் தூக்கிச் செல்லும் காட்சியில் கம்பி கட்டித்தான் பாரத்தைத் தாங்கினார்கள்.

நம் 'எந்திரன்' சிட்டியை இந்த வரிசையில் சேர்ப்பீர்களா?
– வாசகர், சிவகாசி

தயங்காமல் சேர்ப்பேன். 1984இல் 'டெர்மினேட்டர்' படத்தின் எஃகு எலும்புக்கூட்டைச் செய்தவர் ஸ்டான் வின்ஸ்டன். 2008இல் அவர் மறைந்த பிறகு, அவருடைய பட்டறையில் வேலை செய்தவர்கள் சேர்ந்து தொடங்கியதுதான் லெகசி எஃபெக்ட்ஸ் என்ற நிறுவனம். 2010இல் வெளியான 'எந்திரன்' படத்தின் இயந்திர உருவங்களில் அவர்களுடைய கைவேலை இருக்கிறது. அதே 2008இல்தான் படத்தின் வசனத்தில் பங்கேற்ற எழுத்தாளர் சுஜாதாவும் மறைந்தார். திரையில் சிட்டியை அவர் பார்க்கவில்லை என்பது பெரிய குறை.

எல்லாம் கணினி வரைகலை என்றாகிவிட்டதே, இனி ஆள் எதற்கு?
– பொறியாளர், கோயம்புத்தூர்

2014இல் வந்த 'இன்டர்ஸ்டெல்லர்' படத்தில் வரும் டார்ஸ் என்ற ரோபோவுக்கு மனித உருவமே இல்லை. நான்கு உலோகப் பலகைகளை ஒட்டி வைத்தாற்போல இருக்கும். அதற்கும் பில் இர்வின் என்ற நடிகர் பின்னால் நின்று அந்தக் கனமான பொம்மையை நடத்தி, குரலும் கொடுத்தார். கணினி பிறகு வந்து அவரைத் திரையிலிருந்து அழித்தது. எதிரே நின்ற நடிகர்கள் பார்த்துப் பேசியது அவரோடுதான். அதனால்தான் அந்தப் பேச்சு ஒட்டுகிறது.

முதலில் எந்தப் படத்தைப் பார்க்கலாம்?
– இல்லத்தரசி, காரைக்குடி

'மெட்ரோபோலிஸ்'. வெட்டப்பட்ட காட்சிகள் பல 2008இல் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகரில் கிடைத்தன. அவற்றைச் சேர்த்து 2010இல் வெளியிட்ட பதிப்பையே தேடிப் பாருங்கள். இரண்டரை மணி நேரம் ஓடும். ஊமைப்படம்தான், ஆனால் இசையோடு பார்க்க வேண்டியது. ஒலியைக் குறைத்துவிடாதீர்கள்.