வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரர் தண்ணீரை நிறுத்தலாமா?

நாகர்கோவில் வடசேரியில் குடியிருக்கிறீர்கள். வாடகை தாமதமானதால் வீட்டுக்காரர் மோட்டார் சுவிட்ச் பெட்டியைப் பூட்டிவிட்டார், செய்யலாமா என்று கேட்கிறீர்கள். கூடாது. பாக்கி இருந்தாலும் கூடாது. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் தண்ணீர், மின்சாரத்தை நிறுத்துவதைத் தடுக்கிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். விசாரணை முடியும் முன்பே தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லி அவர் இடைக்கால உத்தரவு போடலாம். பூட்டை போட்டோ எடுத்து வையுங்கள்.

சரி, வாடகையையும் கட்டிவிடுங்கள், ரசீது வாங்கிக்கொண்டு. இரண்டு மாதப் பாக்கி சேர்ந்து, நோட்டீஸ் வந்தும் கட்டாவிட்டால் காலி செய்ய வைக்க அவருக்கு வழி கிடைத்துவிடும். அப்புறம், ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யவும் சட்டம் சொல்கிறது. வாய்ப்பேச்சை நம்பி அட்வான்ஸ் கொடுத்தவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.