கில்ட்டை வாடகைக்கு எடுங்கள், ஷூவை மட்டும் சொந்தமாக வாங்குங்கள்

தம்பி, கிளாஸ்கோ வந்து நான்கு மாதத்திலேயே கூட வேலை செய்பவர் தன் கல்யாணத்துக்குக் கில்ட், அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்பு வைத்த கம்பளிப் பாவாடை, போட்டு வரச் சொல்லிவிட்டார், ஆபீஸ் கறுப்பு ஷூ போதுமா, காலுறையில் கத்தி செருகினால் போலீஸ் பிடிக்குமா, நம்மவர் கில்ட் போட்டால் இவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஒரு வெள்ளைக்காரர் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு நம் வீட்டு முகூர்த்தத்துக்கு வந்து உட்கார்ந்தால் நம் பெரியவர்களுக்கு எப்படி இருக்கும், அதே சந்தோஷம்தான் இவர்களுக்கும். பதினாறு வருஷத்தில் ஆறேழு கல்யாணத்துக்குப் போட்டுப் போயிருக்கிறேன், ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. எந்த டார்ட்டன், அதாவது கில்ட் துணியின் கட்ட வடிவம், என்றும் கவலை வேண்டாம். இங்கே ஒவ்வொரு குலத்துக்கும் ஒன்று உண்டு, குலப்பெயர் இல்லாதவர்கள் பிளாக் வாட்ச் மாதிரி பொதுவான ஒன்றை எடுப்பது வழக்கம்.

இப்போது ஷூ. ஆபீஸ் ஷூ கறுப்புத் தோலில், லேஸ் கட்டுவதாக, முனை கூராக நீளாமல் இருந்தால் போடலாம், இங்கேயே பலர் அப்படித்தான் வருகிறார்கள். ஆனால் என்னைக் கேட்டால் கில்ட், ஜாக்கெட், ஸ்போரன் என்ற இடுப்புப் பை எல்லாவற்றையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கில்ட்டோடு போடும் கில்லி ப்ரோக் என்ற ஷூ ஒரு ஜோடி மட்டும் சொந்தமாக வாங்கிவிடுங்கள் என்பேன். காரணம் நான் கில்ட் போட்டுப் போன முதல் கல்யாணம். வாடகைக் கடையில் கொடுத்த ஷூ அரை சைஸ் பெரிது, எவர் எவர் காலோ போட்டு உள்ளே கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. சடங்கு முடிந்து சாப்பாடு வரை சமாளித்தேன். ராத்திரி கேலி (ceilidh) என்று இவர்கள் சொல்லும் கூட்டு நடனம் ஆரம்பித்து, அதில் ஸ்ட்ரிப் த வில்லோ என்ற ஆட்டத்தில் வரிசையில் ஒவ்வொருவரோடும் கைகோத்துச் சுழன்று போய் முடிக்கும்போது இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்துவிட்டது. மாப்பிள்ளை வந்து கூப்பிட்டும் எழுந்திருக்க முடியாமல் நாற்காலியிலேயே இருந்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. இவர்கள் கல்யாணத்தில் அந்த ஆட்டம்தான் உயிர், அதற்குக் கால் நன்றாக இருக்கவேண்டும்.

கில்லி என்றால் ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் பையன், வேலையாள். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் வேட்டைக்கும் மீன் பிடிக்கவும் துணைக்குப் போகிறவர்களை அப்படிச் சொல்வார்கள். இந்த ஷூவுக்கு நாக்கு கிடையாது, ஈரம் சீக்கிரம் காய்வதற்காக அப்படி என்பார்கள். நாக்கு இல்லாததால் காலுறை வெளியே தெரியும், லேஸும் ரொம்ப நீளம். கட்டும் முறை இதுதான்: பாதத்தின் மேல் இறுக்கிய பிறகு இரண்டு லேஸையும் முன்பக்கம் மூன்று தடவை ஒன்றோடொன்று முறுக்குங்கள், கணுக்காலுக்குச் சற்று மேலே பின்னால் ஒரு சுற்று கொண்டுபோய், முன்பக்கமோ சற்று வெளிப்பக்கமாகவோ முடிச்சுப் போடுங்கள். கெண்டைக்கால் வரை சுற்றிக்கொண்டு போகாதீர்கள், படத்தில் பார்க்க அழகாக இருந்தாலும் நடக்க நடக்கச் சரிந்து வந்துவிடும். இரட்டை முடிச்சாகப் போடுங்கள், ஆட்டத்தில் அவிழ்ந்தால் பக்கத்தில் இருப்பவர் மிதித்துவிடுவார்.

சைஸ் விஷயத்தில் நமக்கு ஒரு வசதி, ஊரில் வாங்கும் எட்டு, ஒன்பது எல்லாம் பிரிட்டிஷ் எண்தான். ஆனால் கில்ட் காலுறை கனமான கம்பளி, அதைப் போட்டுக்கொண்டுதான் ஷூவைப் போட்டுப் பார்க்கவேண்டும். புதுத் தோல் அடிப்பாகம் மரத்தரையில் வழுக்கும், நான்கு நாள் தெருவில் நடந்து சொரசொரப்பாக்குங்கள். கிளாஸ்கோ மழையை நினைத்தால் ரப்பர் அடிப்பாகமே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

காலுறை முழங்கால் வரை வரும், மேல்பகுதியை மடித்துவிடவேண்டும். மடிப்பின் மேல் விளிம்புக்கும் முழங்கால் சிப்பிக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி இருக்கட்டும். வாடகைக்குத் தரும் செட்டில் பெரும்பாலும் வெள்ளையோ கிரீமோ வரும். கரும்பச்சை, நீலம், கருஞ்சாம்பல் என்று டார்ட்டனில் உள்ள ஒரு நிறத்தைக் கேட்டு வாங்குங்கள், எனக்கு அதுதான் பிடிக்கும். மடிப்புக்கு அடியில் எலாஸ்டிக் பட்டை, அதில் தொங்கும் துணித்துண்டுகள்தான் ஃப்ளாஷஸ், அவை காலின் வெளிப்பக்கம் தெரியவேண்டும்.

கத்தியின் பெயர் ஸ்கியன் டூ, கறுப்புக் கத்தி என்று அர்த்தம். வலக்கைக்காரர் வலது காலுறையில் செருகுவார், பிடி மட்டும் வெளியே தெரியும். பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது இங்கே குற்றம்தான், ஆனால் தேசிய உடையின் பகுதியாக அணிவதற்கு ஸ்காட்லாந்தின் 1995-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. அது உடைக்குத்தான் பொருந்தும், மறுநாள் ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சுற்றக்கூடாது. விமானத்தில் போவதானால் கைப்பையில் வைக்காதீர்கள். உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் கத்தியே வேண்டாம், அல்லது பிளேடு இல்லாத பிளாஸ்டிக் ஒன்று கேளுங்கள், பல கடைகளில் அதுதான் கொடுக்கிறார்கள்.

ஸ்போரன் முன்னால் தொங்கும் பை, கில்ட்டில் பாக்கெட் இல்லாததால் போனும் சாவியும் அதில்தான். சங்கிலியை வயிற்றுக்கு நான்கு விரல் கீழே நிற்கும்படி சரிசெய்யுங்கள், ஆடும்போது பக்கவாட்டில் தள்ளிவிடலாம். தோலில் எளிமையானது பகலுக்குப் போதும், ரோமம் வைத்தவை மாலை விருந்துக்கு. சிலவற்றில் சீல் என்ற கடல் விலங்கின் தோல் இருக்கும், அது சங்கடம் என்றால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கில்ட்டின் முன்பக்கம் துணி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்காக வரும், கில்ட் பின் என்ற ஊசியை மேல் அடுக்கில் மட்டும் குத்துங்கள், இரண்டையும் சேர்த்துக் குத்தினால் துணி இழுத்துக் கிழியும். பிரின்ஸ் சார்லி என்ற மாலை விருந்து ஜாக்கெட்டும் உள்கோட்டும் என்றால் பெல்ட் வேண்டாம், பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும் கறுப்பு போ டை கட்டுங்கள். ட்வீட் என்ற கம்பளித் துணி ஜாக்கெட் என்றால் சாதாரண டை.

நம்மவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று, வேட்டி கட்டும் பழக்கத்தில் கில்ட்டை இடுப்பெலும்பில் கட்டிவிடுவது. அது தொப்புள் உயரத்தில் நிற்கவேண்டும், அப்போதுதான் அடிவிளிம்பு முழங்கால் நடுவில் வரும். நல்ல கில்ட்டில் எட்டு கஜம் துணி, அதாவது பதினாறு முழம், நம் எட்டு முழ வேட்டியைப் போல இரண்டு மடங்கு, அதுவும் கம்பளி. உட்காரும்போது பின்மடிப்புகளைக் கையால் நீவிவிட்டு உட்காருங்கள். உள்ளாடை கட்டாயம், வாடகைத் துணி அது.

அப்புறம், அன்று காலையில் முதலில் காலுறை, ஷூ, லேஸ் எல்லாம் முடித்துவிட்டு அதற்கு மேல் கில்ட்டைக் கட்டுங்கள். வாரையெல்லாம் இறுக்கிய பிறகு குனிந்து லேஸ் சுற்ற முடியாது.