எம்பிபிஎஸ் முடிச்சா ஃபேமிலி மெடிசினா, ஃபாரன்சிக் சைக்காலஜியா?

எம்பிபிஎஸ் முடிச்சிட்டு இந்த ரெண்டுல எதுக்குப் போலாம்னு கேட்டிருக்கீங்க. ரெண்டும் வேற வேற ரூட்டுங்க. ஃபேமிலி மெடிசின்னா நீட் பிஜி எழுதி டிஎன்பி (எம்டி மாதிரி ஒரு மேற்படிப்பு) 3 வருஷம், பாப்பாவோட சளியிலருந்து தாத்தாவோட சுகர் வரைக்கும் நீங்களே பாக்கணும், எனக்கென்னமோ நம்ம ஊருக்கு இதுதான் ரொம்பத் தேவை.

ஃபாரன்சிக் சைக்காலஜி (குத்தம், கோர்ட் சம்பந்தமான உளவியல்) பொதுவா சைக்காலஜி டிகிரி முடிச்சவங்க போற வழி, காந்திநகர் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகத்துல பிஜி இருக்கு. கோர்ட், கேஸுதான் உங்கள இழுக்குதுன்னா எம்டி சைக்கியாட்ரி (மனநல மருத்துவம்) போங்க, குத்தம் செஞ்சப்போ ஆளு மனநிலை எப்படி இருந்துச்சுன்னு (பிஎன்எஸ்ங்கற குற்றவியல் சட்டத்தோட 22வது பிரிவு) பாக்குற வேலை அங்கதான் வரும், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைல ஃபாரன்சிக் சைக்கியாட்ரியே தனியா சொல்லித் தர்றாங்க. சினிமால வர்ற நார்கோ டெஸ்ட்ட (மருந்து குடுத்து உண்மைய வரவழைக்கப் பாக்குற சோதனை) நம்பி மட்டும் வந்துடாதீங்க, சம்மதம் இல்லாம அதப் பண்ணக்கூடாதுன்னு 2010லயே செல்வி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு.