1919இல் அவர் கேட்டதைத்தான் ட்ராங்கும் கேட்டார்

கேள்வி: தோழர் ஆசிரியருக்கு, சென்ற இதழில் வியட்நாம் பத்திரிகையாளர் ஃபாம் டோவான் ட்ராங்குக்காக உருகி எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவை மண்ணைக் கவ்வ வைத்த ஒரு நாட்டை, அமெரிக்க அரசிடம் விருது வாங்கிய ஒருவருக்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா? நீங்கள் எப்போது ஏகாதிபத்தியத்தின் குரலாக மாறினீர்கள்?
- நெடுநாள் வாசகர், திருப்பூர்

பதில்: தோழரே, உங்கள் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 1975 ஏப்ரல் 30 அன்று, அமெரிக்க ஆதரவு பெற்ற தெற்கு வியட்நாம் அரசின் தலைநகரான சைகோன் விடுதலையான செய்தி வந்தது. மறுநாள் மே தினம். எங்கள் ஊர் மில் வாசலில் கொடியேற்றி முடித்த கையோடு, எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். நான் அப்போது அரைக்கால் சட்டை போட்ட பையன். உலக வரைபடத்தில் வியட்நாம் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஏதோ நம் வீட்டில் நடந்த நல்ல காரியம் போலப் பெரியவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது. அந்த மிட்டாயை நான் இன்றும் மறுக்கவில்லை.

ஆனால் 'ஏகாதிபத்தியத்தின் கையாள்' என்ற சொல்லை அவ்வளவு எளிதில் ஒரு பெண்ணின் மீது வீச உங்களை விடமாட்டேன்.

ட்ராங் 2014இல் அமெரிக்காவில்தான் இருந்தார், கலிஃபோர்னியாவில், எழுத்தாளர்களுக்கான உதவித்தொகையில். அங்கேயே தங்கியிருக்கலாம். 2015 தொடக்கத்தில் ஊர் திரும்பினார். அந்த ஆண்டு தலைநகர் ஹனோயின் நகராட்சி ஆயிரக்கணக்கான சாலையோர மரங்களை வெட்ட முனைந்தபோது தெருவில் இறங்கியவர்களில் அவரும் ஒருவர். போலீஸ் அடித்ததில் கால்கள் முறிந்தன. அதன் பிறகு ஊன்றுகோலோடுதான் நடமாட்டம். 2018இல் சைகோனில் ஓர் இசை நிகழ்ச்சியில் போலீஸ் புகுந்தது. அன்று அவரை மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தால் தலையிலேயே தாக்கி, மருத்துவமனையில் படுக்க வைத்தார்கள். கால்கள் முறிந்த பிறகும், தலையில் அடிவாங்கிய பிறகும், வீடு மாற்றி வீடு மாறிக்கொண்டே எழுதினார். கூலிக்கு எழுதுகிற யாரும் இந்த விலை கொடுப்பதில்லை.

விருதைச் சொல்கிறீர்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை அவருக்கு விருது அறிவித்தது 2022 மார்ச்சில். அவர் சிறைக்குப் போய் அப்போது பதினேழு மாதம் ஆகியிருந்தது. கைதான நாளையும் பாருங்கள்: 2020 அக்டோபர் 6. அன்றுதான் அமெரிக்காவும் வியட்நாமும் மனித உரிமைகள் குறித்து வருடாந்தரப் பேச்சு நடத்தி முடித்திருந்தன. நள்ளிரவு நெருங்கும் வேளையில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூன்று ஆண்டு கழித்து அமெரிக்க அதிபர் பைடன் ஹனோய்க்கே வந்து, இரு நாட்டு உறவை வியட்நாம் வைத்திருக்கும் மிக உயர்ந்த தட்டுக்கு ஏற்றிவிட்டுப் போனார். வாஷிங்டனோடு கைகுலுக்குவது ஹனோய். அதற்கான பழி மட்டும் சிறையில் இருப்பவர் தலையில் விழ வேண்டுமா?

அவர் செய்த குற்றம் என்ன என்று நீங்கள் கேட்கவே இல்லை. அரசுக்கு எதிரான பிரசாரம் என்பது வழக்கு. வெளிநாட்டு வானொலிகளுக்குக் கொடுத்த பேட்டிகள், மத உரிமைச் சட்டம் குறித்த ஓர் அறிக்கை இவற்றோடு குற்றப்பத்திரிகையில் இடம்பெற்ற ஆவணங்களில் ஒன்று, ஃபார்மோசா உருக்காலை பற்றியது. 2016 ஏப்ரலில் நடந்தது அது. ஹா டின் மாகாணத்தில் தைவான் பெருநிறுவனம் ஒன்றின் ஆலை நச்சுக் கழிவைக் கடலில் விட்டது. நான்கு மாகாணக் கரைகளில் மீன்கள் செத்து ஒதுங்கின. வலையும் படகும் மட்டுமே சொத்தாக உள்ளவர்கள் கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். காரணம் கேட்டுத் தெருவுக்கு வந்தவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியது. கடைசியில் நிறுவனமே தவறை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் இழப்பீடு தந்தது. மீனவர்களின் அந்தக் கதையை ஆதாரங்களோடு தொகுத்தவர்களில் ட்ராங்கும் ஒருவர். தோழரே, ஒரு பன்னாட்டு முதலாளி நிறுவனம் கடலைக் கெடுத்ததை எழுதினால் அது எந்த ஏகாதிபத்தியத்துக்குச் செய்த சேவை? நீங்களே சொல்லுங்கள்.

ஓராண்டுக்கு மேல் வழக்கறிஞரைக்கூடப் பார்க்க விடவில்லை. 2021 டிசம்பர் 14 அன்று ஹனோய் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு கேட்டது ஏழு முதல் எட்டு ஆண்டு. நீதிபதிகள் கொடுத்தது ஒன்பது. மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. பிறகு தெற்கே, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அன் ஃபுவோக் சிறைக்கு மாற்றினார்கள். தாய் ஹனோயில் இருக்கிறார், எண்பது வயதைக் கடந்தவர்.

இந்த இடத்தில்தான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. வியட்நாமியர்களிடம் 'நுவோய் தூ' என்றொரு பேச்சு உண்டு. நுவோய் என்றால் சோறூட்டி வளர்ப்பது, தூ என்றால் சிறை. உள்ளே இருப்பவரை வெளியே இருக்கும் குடும்பம்தான் பொட்டலம் கட்டிக் கொண்டுபோய்க் காப்பாற்ற வேண்டும் என்பதால் பிறந்த சொல். கைதிகளின் வீட்டாருக்காக அந்தச் சொல்லையே தலைப்பில் வைத்து ட்ராங் ஒரு கையேடு எழுதினார். தான் கைதாவதற்கு முன்பே எழுதினார். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், இனி யாரிடம் போவது, என்ன கேட்பது என்று திகைத்து நிற்கும் அப்பா அம்மாக்களுக்காக. அந்தப் புத்தகம் தேவைப்படுவோர் வரிசையில் அவருடைய தாயும் போய் நின்றார்.

அவருடைய நூல்களை வெளியிட்ட சுதந்திரப் பதிப்பகம் மறைவாக அச்சிட்டு, ஆள் வைத்துக் கைமாற்றிக் கொடுத்தது. வாங்கிப் படித்தவர்களைக்கூடப் போலீஸ் அழைத்து விசாரித்தது. நீங்களும் நானும் நெருக்கடி நிலைக் காலத்தைப் பார்த்தவர்கள். அச்சகத்துக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு பேசிய நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள்.

இனி, உங்களுக்கும் எனக்கும் பிடித்த மனிதரிடம் வருகிறேன். 1919இல், வெர்சாய் சமாதான மாநாட்டின்போது, பாரிஸில் ஓர் இளைஞர் அன்னாம் மக்களின், அதாவது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமியர்களின் பெயரால் எட்டுக் கோரிக்கைகளை முன்வைத்தார். கீழே கையெழுத்து: நுயென் ஐ குவோக். பின்னாளில் வியட்நாம் விடுதலைப் போராட்டத்தின் தலைவர் ஹோ சி மின். முதல் கோரிக்கை, அரசியல் கைதிகள் அனைவருக்கும் விடுதலை. மூன்றாவது, பத்திரிகைச் சுதந்திரமும் கருத்துச் சுதந்திரமும். ஆறு ஆண்டு கழித்து 1925 ஜூன் 21 அன்று சீனாவின் கான்டன் நகரில் அவர் தொடங்கிய 'தான் நியென்', பிரெஞ்சு அரசுக்குத் தெரியாமல் நாட்டுக்குள் கடத்திப் படிக்கப்பட்ட பத்திரிகை. ஜூன் 21ஐத்தான் இன்றும் வியட்நாம் அரசு பத்திரிகை தினமாகக் கொண்டாடுகிறது. அதே நாட்டில் இன்று தனியார் செய்தித்தாள் ஒன்றுகூடக் கிடையாது. அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவில் பத்திரிகைச் சுதந்திரம் எழுத்தில் இருக்கிறது.

ட்ராங் தனி ஆள் என்றும் எண்ணிவிடாதீர்கள். சுதந்திரப் பத்திரிகையாளர் சங்கத்தைத் தொடங்கிய ஃபாம் சி சுங், இருபது ஆண்டு கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக இருந்து 2013இல் விலகியவர். 2021 ஜனவரியில் அவருக்குப் பதினைந்து ஆண்டு. உடன் நின்ற இருவருக்குத் தலா பதினொன்று. அவர்களுக்கும் 'கையாள்' பட்டம்தானா?

விக்கிலீக்ஸ் நிறுவனர் அசாஞ்சேயை அமெரிக்கா வேட்டையாடியபோது இதே பக்கத்தில் எழுதினேன். அப்போது நீங்கள் பாராட்டி அஞ்சலட்டை போட்டீர்கள். அதை எடுத்து வைத்திருக்கிறேன்.

41ஆவது பிறந்த நாளான 2019 மே 27 அன்று, தான் கைதானால் வெளியிடும்படி ஒரு கடிதத்தை ட்ராங் எழுதிக் கொடுத்திருந்தார். தனக்கு மட்டும் விடுதலை வேண்டாம், அது எளிது, நாட்டுக்கே சுதந்திரம் வேண்டும் என்பது அதன் சாரம். தன் சிறைவாசத்தைத் தேர்தல் சட்டத்தைத் திருத்தும் இயக்கத்துக்குப் பயன்படுத்தும்படி நண்பர்களைக் கேட்டுக்கொண்டார்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். டில்லியில் வியட்நாம் தூதரகம் இருக்கிறது. நீங்கள் அவர்களுடைய பழைய நண்பர், உங்கள் பேச்சுக்கு என்னுடையதைவிட மதிப்பு அதிகம். 1919ஆம் ஆண்டு மனுவின் முதலாவது, மூன்றாவது கோரிக்கைகளை உங்கள் கையெழுத்தில் எழுதி, அடியில் உங்கள் பெயரைப் போட்டு அனுப்புங்கள். நகலை எனக்கும் அனுப்பினால் அடுத்த இதழில் இதே பக்கத்தில் முழுதாக வெளியிடுகிறேன்.