முதலில் வேகம், பிறகு குறி

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. பள்ளி விளையாட்டு விழாவில் வாளிக்குள் பந்து போடும் போட்டி இருப்பதால் தினமும் மாலையில் பழக்குகிறேன். முழங்கையை மட்டும் மடக்கி நீட்டி, பந்தைத் தள்ளிவிடுவதுபோல் எறிகிறாள். கை வீசி எறிய எப்படிச் சொல்லித் தருவது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வாளியைச் சில மாதங்களுக்கு எடுத்து வைத்துவிடுங்கள். பக்கத்தில் இருக்கும் சிறிய இலக்கைக் காட்டினால், தவறிவிடக் கூடாது என்ற கவனத்தில் குழந்தை உடம்பை அசைக்காமல் நிறுத்திக்கொண்டு, கையின் நுனியால் மட்டுமே காரியத்தை முடிக்கப் பார்க்கும். நீங்கள் சொல்லும் குறை அவளுடையது அன்று. அந்த ஆட்டம் அவளிடம் கேட்பதே அவ்வளவுதான். முழு உடம்பாலும் எறிய வேண்டுமானால், முழு பலத்தையும் கேட்கும் ஆட்டம் வேண்டும். எனவே முதலில் வேகத்தைப் பழக்குங்கள். குறி பார்ப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வலக்கையால் எறிபவர் இலக்குக்குப் பக்கவாட்டில் நின்று, இடது காலை முன்னே எடுத்து வைக்க, இடுப்பு திரும்பி, அதைத் தொடர்ந்து தோள் திரும்பி, கடைசியில்தான் கை வீசப்படுகிறது. சிறு குழந்தைகள் காலை நகர்த்தாமலோ, எறியும் கைப் பக்கத்துக் காலையே முன்வைத்தோ எறிவது வளர்ச்சியில் இயல்பான ஒரு படிதான். இந்த வரிசையை வாயால் விளக்கினால் ஐந்து வயதுக் குழந்தை குழம்பிப்போகும். அதைவிட, வாசலில் சாக்பீஸால் சுவருக்குப் பக்கவாட்டாக இரண்டு பாதங்களை வரைந்து, அவற்றுக்கு முன்னால் சற்றுத் தள்ளி இடது பாதம் ஒன்றையும் வரைந்து, "இதில் நின்று, அதை மிதித்து, சுவர் அதிர எறி" என்று சொன்னால் போதும். பழைய காலுறைகளைச் சுருட்டி, விரல்களுக்குள் அடங்கும் அளவில் பந்துகள் செய்துகொள்ளுங்கள். பெரிய பந்தைக் கொடுத்தால் குழந்தை இரு கைகளாலும் தள்ளத்தான் செய்யும்.

அக்கம்பக்கத்துக் குழந்தைகளும் சேர்ந்தால் நடுவில் ஒரு கொடிக்கயிற்றைக் கட்டி, இருபுறமும் பந்துகளைக் கொட்டி, விசில் ஊதும்வரை தங்கள் பக்கம் விழும் பந்துகளை எல்லாம் எதிர்ப்பக்கம் எறிந்துகொண்டே இருக்கச் சொல்லுங்கள். யாரும் முறைக்குக் காத்து நிற்க வேண்டாம். ஒவ்வொரு குழந்தைக்கும் கை ஓயாத பயிற்சி கிடைக்கும். வீச்சு நன்றாக வந்தபின் ஏழு கல் ஆட்டத்துக்குக் கொண்டுவரலாம். தொடக்கத்தில் சிறிய ஓடுகளுக்குப் பதிலாகக் காலி டப்பாக்களை அடுக்கிவைத்தால் இலக்கு பெரிதாக இருக்கும். ஆள்மீது எறியும் கட்டத்திலும் காலுறைப் பந்தையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: நான்கு வயதுப் பேரன் இடக்கையால்தான் எறிகிறான். மாற்றிப் பழக்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: மாற்ற வேண்டாம், ஐயா. வலது கால் முன்னே வர வேண்டும் என்பது ஒன்றுதான் வேறுபாடு.

கேள்வி: நான் ஒன்றாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியை. எங்கள் பள்ளி மைதானம் சிறியது. ஓட்டப்பந்தயம் வைத்தால் எப்போதும் அதே சில பிள்ளைகள்தான் வெல்கிறார்கள். மற்றவர்கள் ஓடவே தயங்குகிறார்கள்.
– ஆசிரியை, விருத்தாசலம்

பதில்: யார் விரைவாக ஓடுகிறார் என்பதைப் பந்தயம் காட்டும், ஓடக் கற்றுத் தராது. தொட்டால் வெளியே என்ற விதியுள்ள ஆட்டங்களும் அப்படியே. அதிகம் ஓடிப் பழக வேண்டிய பிள்ளையே முதலில் வெளியேறி ஓரமாக உட்கார்ந்துவிடுகிறது என்பதை நினைக்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் ஏற்படுகிறது.

கல்லா மண்ணா ஆட்டத்தில் அந்தக் குறை இல்லை. பிடிப்பவர் மண்ணைக் கேட்டால் மற்றவர்கள் கல்லில் ஏறிக்கொள்ள வேண்டும். மண்ணில் இறங்கி அகப்பட்டவர் அடுத்துப் பிடிப்பவர் ஆவாரே தவிர, வெளியேறுவதில்லை. சட்டென்று புறப்படுவது, திரும்புவது, நிற்பது ஆகிய மூன்றுமே அதில் வந்துவிடுவதால் சிறிய மைதானமே போதும். ஒவ்வொருவர் இடுப்பிலும் பின்னால் ஒரு துணித்துண்டைச் செருகிவிட்டு, தன் வாலைக் காத்துக்கொண்டு பிறர் வாலைப் பறிக்கும் ஆட்டத்தையும் வைக்கலாம். வாலை இழந்த பிள்ளை உங்களிடம் ஓடிவந்து வேறொன்றைச் செருகிக்கொண்டு மறுபடி ஆட்டத்தில் சேரட்டும்.

ஓடும்போது பிள்ளைகளை முன்னாலிருந்து கவனியுங்கள். கைகள் மார்புக்குக் குறுக்கே வீசினால் உடம்பும் பக்கவாட்டில் ஆடும். முன்னும் பின்னுமாக வீசச் சொல்லுங்கள். பாதம் தொப்பென்று விழுந்தால், "சத்தம் கேட்காமல் ஓடு" என்ற ஒரு சொல்லே பெரும்பாலும் திருத்திவிடும். ஒரு நேரத்தில் ஒரு திருத்தத்துக்கு மேல் வேண்டாம்.

ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் நன்கு இயங்கும்படி விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. சிறு பிள்ளைகள் விட்டு விட்டுத்தான் ஓடுவார்கள் என்பதால் காலையில் ஒரு பகுதியும் மாலையில் ஒரு பகுதியுமாகப் பிரித்துவிடுங்கள். கோடையில் நண்பகல் வெயிலைத் தவிர்த்து, ஆட்டத்துக்கு முன் மைதானத்தில் கண்ணாடித் துண்டோ முள்ளோ கிடக்கிறதா என்று ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.